சிறிய எறும்பு குட்டி எறும்பு அல்ல

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையைப் பழமொழியில் கேட்டிருக்கிறோம்; சிற்றெறும்பு வளர்ந்து கட்டெறும்பு ஆன கதை மட்டும் எங்கும் கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு மரத்தடியில் நின்று, பட்டையின் மீது ஏறி இறங்கும் பெரிய கரிய எறும்புகளைச் சற்று நேரம் பார்த்தால், ஒரே வரிசையில் மூன்று நான்கு அளவுகளில் எறும்புகள் போவது தெரியும். மெலிந்த உடலும் சிறிய தலையும் கொண்டவை சில. அவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளமும், உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்த தலையும் கொண்டவை சில. இவ்விரண்டுக்கும் நடுவில் அடங்குபவை பல. முதன்முறை பார்ப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் விளக்கங்கள் இரண்டு. பெரியவை தாய்கள், சிறியவை குட்டிகள் என்பது ஒன்று. இரண்டு வேறு இன எறும்புகள் ஒரே பாதையைப் பயன்படுத்துகின்றன என்பது மற்றொன்று. இத்தகைய பெரிய கரிய எறும்புகளான தச்செறும்புகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டுமே தவறு. அந்த வரிசையில் போகும் அத்தனையும் முழு வளர்ச்சி அடைந்த பெண் எறும்புகள். அநேகமாக ஒரே ராணியின் மகள்கள்.

எறும்பு என்பது முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த எறும்பு என நான்கு பருவங்களைக் கடக்கும் பூச்சி. இவற்றுள் வளர்ச்சி நடப்பது புழுப் பருவத்தில் மட்டுமே. காலும் கண்ணும் இல்லாத அந்த வெண்ணிறப் புழு, மூத்த எறும்புகள் ஊட்டுவதை உண்டு, அவ்வப்போது தோலுரித்துப் பருக்கிறது. போதிய அளவு வந்ததும் தச்செறும்பின் புழு தன்னைச் சுற்றிப் பட்டிழையால் ஓர் உறையைப் பின்னிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. எறும்புகள் கலைந்து ஓடும்போது வாயில் கவ்விச் செல்லும் வெளிர்நிற நீள்வட்டப் பொருள்களை 'எறும்பு முட்டை' என்று பலரும் சொல்கிறோம். தச்செறும்புகளிடம் அவை பெரும்பாலும் முட்டைகள் அல்ல, இந்த உறைகளே. உண்மையான முட்டை மிகச் சிறியது. வெறுங்கண்ணுக்கு ஒரு வெள்ளைத் துகளாகத்தான் தெரியும். உறையிலிருந்து வெளிவரும் எறும்பின் உடலை மூடியிருப்பது கெட்டியான புறக்கூடு. முதிர்ந்த எறும்பு அதன் பிறகு தோலுரிப்பதே இல்லை. ஆகவே அந்தக் கூடு பெரிதாவதற்கு வழியும் இல்லை. 1 மில்லிமீட்டர் அகலத் தலையுடன் வெளிவந்த எறும்பு, சாகும்வரை 1 மில்லிமீட்டர் அகலத் தலையுடன்தான் இருக்கும். எறும்புகள் வாழும் கூட்டைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தால், உறைகளே சிறியதும் பெரியதுமாகக் கிடப்பதைக் காணலாம். வெளியே வரிசையில் காணும் அளவு வேறுபாடு அங்கேயே முடிவாகிவிட்டது.

தச்செறும்பை அடையாளம் காணுதல்

தச்செறும்பு என்பது ஓர் இனத்தின் பெயர் அன்று. 'கேம்போனோட்டஸ்' என்னும் பேரினத்துக்கான பொதுப்பெயர். ஆஸ்திரியப் பூச்சியியலாளர் குஸ்தாவ் மையர் 1861-இல் இப்பெயரைச் சூட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். தமிழில் கட்டெறும்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் பெரிய கரிய எறும்புகளில் பலவும் இதைச் சேர்ந்தவை. வளைந்த முதுகு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த இந்தப் பெயரே அடையாளக் குறிப்பாகவும் பயன்படுகிறது. எறும்பைப் பக்கவாட்டில் பார்க்கும்போது, பெரும்பாலான இனங்களில் நடு உடலின் மேல்விளிம்பு மேடு பள்ளம் இல்லாமல் ஒரே வில்லாக வளைந்திருக்கும். நடு உடலுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரே ஒரு கணு நிற்கும். வயிற்றின் நுனியில் கொடுக்குக்குப் பதிலாக, மயிர் வளையம் சூழ்ந்த சிறிய வட்டத் துளை இருக்கும்; ஃபார்மிக் அமிலம் அதன் வழியாகவே பீய்ச்சப்படுகிறது. தச்செறும்பு கடிக்கும், கடித்த இடத்தில் அமிலத்தைப் பாய்ச்சி எரிச்சலூட்டும், ஆனால் கொட்டாது.

இந்த மூன்று அடையாளங்களும் பெரிய எறும்பு, சிறிய எறும்பு என்ற வேறுபாடின்றி எல்லா அளவிலும் பொருந்தும். வரிசையில் இரண்டு இனங்கள் கலந்திருக்கின்றனவோ என்ற ஐயம் எழுந்தால், ஒரு சிறியதையும் ஒரு பெரியதையும் பக்கவாட்டில் படம் எடுத்து முதுகின் வளைவையும் கணுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. அளவு வேறுபாடு கொண்ட எறும்புகள் எல்லாமே தச்செறும்புகள் ஆகிவிடா. தலை பெருத்த சிலவும் மிகச் சிறிய பலவும் சேர்ந்து திரியும் 'ஃபெய்டோலே' என்னும் பேரினத்தைத் தொடக்க நிலையில் பலர் இதனுடன் குழப்பிக்கொள்வதுண்டு. அவற்றின் நடு உடலுக்கும் வயிற்றுக்கும் இடையில் இரண்டு கணுக்கள் இருக்கும். உடலும் மிகச் சிறியது.

'தச்சு' என்னும் அடைமொழி எல்லா இனங்களுக்கும் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில இனங்கள் மரத்தைக் குடைந்து வாழ்கின்றன. மிகப் பல இனங்கள் மண்ணுக்குள்ளும் மரத்தின் வேரடியிலும் கூடு அமைக்கின்றன. மரத்தைக் குடைபவையும் அதை உண்பதில்லை. கரையான் மரத்தின் செல்லுலோஸை உணவாக்கிக்கொள்கிறது. தச்செறும்போ கடித்தெடுத்த தூளைக் கொண்டுவந்து வெளியே கொட்டிவிடுகிறது. அதனால்தான் கரையான் அரித்த மரத்துக்குள் மண்ணும் எச்சமும் அப்பியிருக்க, தச்செறும்பு குடைந்த அறைகள் இழைப்புளி போட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கின்றன. ஈரத்தில் ஊறி மெத்தென்றான மரமே அவற்றுக்குக் குடைய எளிது. கூட்டின் வாயிலுக்குக் கீழே மெல்லிய மரத்தூள் குவிந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று கொள்ளலாம்.

தலை மட்டும் ஏன் அவ்வளவு பெரிது

எறும்பியலில் ஒரே கூட்டின் வேலைக்கார எறும்புகள் பல அளவுகளில் இருப்பதைப் பல்லுருத்தன்மை என்பர். வசதிக்காகச் சிறியவை, நடுத்தரமானவை, பெரியவை என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். வட அமெரிக்காவின் கருந்தச்செறும்பில் இவற்றின் நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரிலிருந்து 13 மில்லிமீட்டர் வரை போகிறது. ஆனால் மூன்று பிரிவு என்பது நாம் போட்டுக்கொண்ட கோடுதான். நூறு எறும்புகளை அளந்து வரிசைப்படுத்தினால், எங்கே சிறியது முடிகிறது, எங்கே நடுத்தரம் தொடங்குகிறது என்று கத்தி வைத்தாற்போல் வெட்டிக் காட்ட முடியாத இனங்களே மிகுதி. அளவுகள் ஒன்றோடொன்று இழைந்து செல்லும்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 'கொலோபோப்சிஸ்' என்னும் கூட்டம். நெடுங்காலம் தச்செறும்புப் பேரினத்தின் ஓர் உட்பிரிவாகவே கருதப்பட்டு வந்த இது, 2016-இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. இதன் பல இனங்களில் சிறியவையும் பெரியவையும் உண்டு. நடுத்தரம் என்பது அநேகமாக இல்லை. பெரியவற்றின் முகம் புட்டியின் தக்கையைச் செங்குத்தாக வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும். மரக்கிளையில் உள்ள கூட்டின் வாயில் அந்தத் தலையின் அளவுக்கே அமைந்திருக்கும். பெரிய எறும்பு உள்ளிருந்து தலையைக் கொடுத்து அடைத்துக்கொண்டால், வெளியில் நிற்பவருக்கு அங்கே துளை இருந்ததே தெரியாது. திரும்பி வரும் சகோதரி உணர்கொம்பால் தட்டி மணத்தால் தன்னை உணர்த்தியதும், கதவு சற்றுப் பின்னால் நகர்ந்து வழிவிடும். கதவும் காவலாளியும் ஒருவரேயாக அமைந்த ஏற்பாடு.

தச்செறும்புக்கே திரும்புவோம். பெரிய எறும்பு சிறிய எறும்பின் உருப்பெருக்கிய படம் அன்று. படத்தை இரு மடங்காகப் பெரிதாக்கினால் தலை, மார்பு, கால் எல்லாம் ஒரே விகிதத்தில் இரு மடங்காகும். எறும்பில் அப்படி நடப்பதில்லை. உடல் பெரிதாகப் பெரிதாகத் தலை அதைவிட வேகமாகப் பெரிதாகிறது. உறுப்புகள் வெவ்வேறு விகிதத்தில் வளர்வதைக் குறிக்க 'அலோமெட்ரி' என்னும் சொல்லை ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜார்ஜ் டெய்சியேயும் 1936-இல் முன்வைத்தனர். தமிழில் ஒவ்வா வளர்ச்சி விகிதம் எனலாம். மனிதரிடமும் இது உண்டு, ஆனால் தலைகீழாக. பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலை. வளர்ந்தவரிடம் அது எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். தலையின் அகலம், மார்பின் நீளத்தை 1.3 என்னும் அடுக்குக்கு உயர்த்திய அளவில் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்பு இரு மடங்கு நீளமான எறும்பில் தலை 2 மடங்கு அல்ல, 2.46 மடங்கு அகலமாக இருக்கும். தலையின் உயரமும் நீளமும் அதே வீதத்தில் கூடினால், அதன் கொள்ளளவு 8 மடங்குக்குப் பதில் ஏறத்தாழ 15 மடங்காகிவிடும். அந்தக் கூடுதல் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமே. மூளை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெரும்பகுதி தாடையை மூடும் தசைகள். பெரிய தச்செறும்பின் கடி உறைப்பதற்கும், கெட்டியான ஓடுள்ள பூச்சிகளைத் துண்டாட அதனால் முடிவதற்கும் காரணம் அந்தத் தசைகளே.

அளவில் உச்சத்தைக் காண விரும்புவோர், தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளின் பேரெறும்பைப் பற்றிப் படிக்கலாம். அதன் சிறியவையே 2 சென்டிமீட்டர் அளவிலும் பெரியவை 28 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். இதுவும் 2016 வரை தச்செறும்பாகக் கணக்கிடப்பட்டு, பின்னர் 'டினோமிர்மெக்ஸ்' என்று தனித்து நின்றது.

அளவைத் தீர்மானிப்பது எது

இணை சேர்ந்து இறக்கைகளை உதிர்த்துவிட்ட இளம் ராணி, ஒரு சிறிய அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முதல் குஞ்சுகளை வளர்க்கிறது. அப்போது அது வெளியே வந்து உணவு தேடுவதில்லை. உடலில் சேர்ந்த கொழுப்பையும், இனிப் பயன்படாத பறப்புத் தசைகளையும் கரைத்துத்தான் புழுக்களுக்கு ஊட்டுகிறது. இருப்பு சிறிது, வாய்கள் பல. ஆகவே முதல் ஈட்டில் வரும் வேலைக்கார எறும்புகள் அந்த இனத்தின் வழக்கமான சிறிய எறும்புகளையும்விடச் சிறியவை. அவை வெளியே போய் உணவு கொண்டுவரத் தொடங்கிய பின், அடுத்தடுத்த ஈடுகளில் அளவு ஏறுகிறது. பெருந்தலை எறும்புகள் தோன்றுவது கூட்டில் எண்ணிக்கை போதிய அளவு கூடிய பிறகுதான். ஒரு பெரிய எறும்பை வளர்க்கச் செலவாகும் உணவில் பல சிறியவற்றை வளர்த்துவிடலாம். ஏழைக் கூடு அந்தச் செலவைத் தாங்காது. ஆகவே ஒரு கூட்டில் பெருந்தலைகளைக் கண்டால் அது புதிதாகத் தொடங்கிய கூடு அன்று என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

ஊட்டம் முதன்மையான காரணம் என்றாலும், அது எப்படி உடல் அளவாக மாறுகிறது என்பது நுட்பமான கேள்வி. ஃபுளோரிடாத் தச்செறும்பில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. முதன்முதலில் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட எறும்புகளுள் அதுவும் ஒன்று, ஆண்டு 2010. ஒரே கூட்டின் சிறிய எறும்பையும் பெரிய எறும்பையும் வேறுபடுத்துவது மரபணு எழுத்துகளின் வரிசையைவிட, அந்த எழுத்துகளில் எவை எப்போது வாசிக்கப்படுகின்றன என்பதே. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மீது ஒட்டும் 'மெத்தில்' என்னும் சிறு வேதிக் குறியீடுகளின் அளவை ஆய்வாளர்கள் புழுப் பருவத்தில் மாற்றியபோது, முதிர்ந்த எறும்பின் உடல் அளவும் அதற்கேற்ப மாறியது. அந்தக் குறியீடு ஆம்-இல்லை என்ற விசைபோல் இயங்காமல், கூடவும் குறையவும் கூடிய ஒன்றாக இருப்பதால்தான் அளவுகளும் படிப்படியாக இழைந்து வருகின்றன.

எந்த அளவுக்கு என்ன வேலை

இந்த இடத்தில் தொடக்க நிலைக் கட்டுரைகள் பலவும் ஒரு அட்டவணை போட்டுவிடுகின்றன: சிறியவை செவிலியர், நடுத்தரமானவை உணவு தேடுவோர், பெரியவை சிப்பாய்கள். நினைவில் வைக்க எளிது. ஆனால் அந்த அட்டவணையை மனத்தில் வைத்துக்கொண்டு எறும்பைப் பார்க்கத் தொடங்கினால், எறும்பு செய்வது கண்ணில் படாமல் அட்டவணைதான் கண்ணில் படும். 'சிப்பாய்' என்னும் சொல்லை முதல் சில வாரங்களுக்குத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

போக்குகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. குஞ்சுகளைப் பேணுவதிலும், செடிகளில் அசுவினிகள் சுரக்கும் இனிப்பு நீரைப் பருகி வருவதிலும் சிறியவையும் நடுத்தரமானவையும் மிகுதியாகக் காணப்படும். வாயிலில் நின்று அயலாரைத் தடுப்பதும், பெரிய இரையைத் துண்டாக்குவதும், வயிற்றில் திரவ உணவைத் தேக்கி வைத்துக்கொள்வதும் பெரியவற்றிடம் கூடுதலாகத் தென்படும். ஆனால் இதன் குறுக்கே வயது என்னும் இன்னொரு கோடு ஓடுகிறது. அளவு எதுவானாலும், இளம் எறும்பு கூட்டுக்குள்ளும் முதிய எறும்பு வெளியிலும் வேலை செய்வது எறும்புகளின் பொதுவான வழக்கம். வரிசையில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் வயதில் மூத்தவை. மேலும், வேலை என்பது உடலோடு பூட்டப்பட்டுவிட்ட ஒன்றும் அன்று. ஃபுளோரிடாத் தச்செறும்பில் உணவு தேடுவது பெரும்பாலும் சிறியவற்றின் வேலை. 2016-இல் வெளிவந்த ஆய்வில், உறையிலிருந்து புதிதாக வெளிவந்த பெரிய எறும்புகளின் மூளையில் மரபணு வாசிப்பை மாற்றும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தியபோது, அவையும் சிறியவற்றைப் போலவே உணவு தேடப் புறப்பட்டன. தலை பெருத்தேயிருந்தது, நடத்தை மட்டும் மாறிற்று.

இதே இனத்தில் 2024-இல் வெளியிடப்பட்ட இன்னொரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் போக மனமில்லை. சண்டையில் காலின் தொடைப் பகுதியில் காயம்பட்ட எறும்புக்குச் சகோதரிகள் அந்தக் காலையே அடியோடு கடித்து அகற்றிவிடுகின்றன. அதற்குக் கீழே காயம்பட்டால் வெட்டாமல், நக்கித் தூய்மை மட்டும் செய்கின்றன. பல எறும்புகளிடம் மார்பின் பின்புறத்தில் கிருமிகளை எதிர்க்கும் ஒரு சுரப்பி உண்டு. தச்செறும்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. இப்படிப்பட்ட கவனிப்பு அவற்றுக்கு எவ்வளவு தேவை என்பது இதிலிருந்து புரியும்.

பார்க்கத் தொடங்குதல்

தச்செறும்பு இனங்களில் பல இரவில் இயங்குபவை. அந்தி சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் வரிசை சுறுசுறுப்படையும். வெண்ணிற விளக்கை நேராகப் பாய்ச்சினால் அவை கலவரப்படும். சிவப்பு ஒளியை எறும்பின் கண் அவ்வளவாக உணர்வதில்லை. கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினால் போதும். ஒரு கை லென்ஸ், மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், குறிப்பேடு, கடிகாரம். இவற்றுக்கு மேல் தொடக்கத்தில் வேறொன்றும் வேண்டாம். மூச்சுக்காற்று படுவதே எறும்புகளைக் கிளர்ச்சியடையச் செய்யும் என்பதால், முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் எதையும் எண்ணாமல் வெறுமனே பார்ப்பதே உத்தமம். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் உணர்கொம்புகளால் தடவிக்கொள்வதைக் காணலாம்; உடலின் மேல் பூசியிருக்கும் மெழுகு மணத்தைக் கொண்டு ஒன்றையொன்று தம் கூட்டைச் சேர்ந்ததா என்று அறிந்துகொள்கின்றன. சில சந்திப்புகள் அத்தோடு முடியா. ஒன்று வாயைத் திறந்து ஒரு துளியை வெளிக்கொணர, மற்றது அதை உறிஞ்சும். எறும்பின் வயிற்றுக்குள் செரிமானத்துக்கு முன்னால் ஒரு சேமிப்புப் பை உண்டு; அதில் உள்ளது தனக்கு மட்டுமானது அன்று, கூட்டுக்கே பொதுவானது. அது நிரம்பும்போது வயிற்றின் கரிய தகடுகள் விலகி, இடையிலுள்ள மெல்லிய சவ்வு வெளிறிய பட்டைகளாகத் தெரியும். மேலேயிருந்து இறங்கும் எறும்புக்குப் பட்டைகள் தெரிகின்றனவா, ஏறும் எறும்புக்குத் தெரியவில்லையா என்று பார்த்தாலே, உணவு மரத்தின் மேலே இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டுப் போகும் எறும்பைக் கண்டால், அது பாதைக்கான மணத்தை இட்டுச் செல்கிறது எனலாம். ஆனால் எல்லா இனமும் இப்படி நெடும்பாதை போடுவதில்லை. 'கேம்போனோட்டஸ் செரிசியஸ்' என்னும் இனத்தில், உணவைக் கண்ட எறும்பு ஒரே ஒரு சகோதரியைப் பின்னால் அழைத்துக்கொண்டு போகும். பின்னால் வருவது முன்னால் போவதின் உடலைத் தொட்டுக்கொண்டே செல்லும்; தொடுகை விட்டுப்போனால் முன்னால் போவது நின்று காத்திருக்கும். எறும்பு எறும்பைத் தூக்கிச் செல்வதையும் ஒருநாள் பார்க்க நேரிடும். இறந்ததைத் தூக்குகிறது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. தூக்கப்படுவது கால்களை ஒடுக்கி, உடலைச் சுருட்டி, தூக்குவதின் தலைக்கு அடியில் பொதிபோல் தொங்கினால், அது உயிருள்ள எறும்பே. தாய்க்கூட்டிலிருந்து கிளைக்கூட்டுக்கோ புதிய கூட்டுக்கோ இடம் மாற்றப்படுகிறது. மரத்தில் வாழும் இனங்களிடம் இத்தகைய கிளைக்கூடுகள் சாதாரணம். ராணியும் முட்டைகளும் ஈரப்பதம் மிகுந்த தாய்க்கூட்டில் இருக்க, வளர்ந்த புழுக்களும் உறைகளும் உலர்ந்த கிளைக்கூட்டுக்குக் கொண்டுசெல்லப்படும். தொந்தரவு நேரும்போது தாடையாலும் வயிற்றாலும் மரத்தைத் தட்டிச் சகோதரிகளை எச்சரிக்கும் இனங்களும் உண்டு. அமைதியான இரவில் காய்ந்த மரத்தில் காதை வைத்தால் மெல்லிய சலசலப்பாக அது கேட்கும்.

எண்ணிப் பார்க்க விரும்பினால், எளிய சோதனை ஒன்று போதும். பாதையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓர் அட்டையில் சர்க்கரைக் கரைசலையும், இன்னோர் அட்டையில் இறந்த பூச்சி ஒன்றையும் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை சிறியவை, எத்தனை பெரியவை என்று குறிக்க வேண்டும். அட்டையின் விளிம்பில் மில்லிமீட்டர் கோடுகள் வரைந்து, நேர் மேலேயிருந்து படம் எடுத்தால், பிறகு நிதானமாக அளந்துகொள்ளலாம். அளக்க வேண்டியது உடல் நீளத்தை அன்று. வயிறு நிரம்பினால் நீளும், காலியானால் சுருங்கும். நடக்கும்போது உடல் வளையும். தலையின் அகலம் மட்டுமே நிலையானது. எறும்பியலாளர்கள் அளவுக்கு அதையே அடிப்படையாகக் கொள்வதும் இதனால்தான். 50, 60 தலைகளின் அகலத்தைப் பட்டை வரைபடமாக வரைந்து பார்த்தால், ஒரே மேடும் வலப்பக்கம் நீண்ட சரிவும் வருகிறதா, இரண்டு தனித்தனி மேடுகள் வருகின்றனவா என்பது தெரியும். முன்னே சொன்ன இழைந்து செல்லும் வகைக்கும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் வகைக்கும் உள்ள வேறுபாடு அந்த வரைபடத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பூச்சியின் மீது பெரியவை மிகுதியாகக் கூடினால், 'பெரியவை இறைச்சியை விரும்புகின்றன' என்று எழுதத் தோன்றும். அதே காட்சிக்கு வேறு விளக்கங்களும் உண்டு. வெட்டுவதற்கு அவை அழைத்து வரப்பட்டிருக்கலாம். முதலில் வந்த சிறியவை உணவைச் சுமந்துகொண்டு முன்னரே திரும்பியிருக்கலாம். ஒரே பெரிய எறும்பு அங்கேயே நின்றுகொண்டிருக்க, நாம் அதையே 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக எண்ணியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் சேர்த்துக் குறித்தால் கடைசிப் பிழை நீங்கும். அட்டைகளின் இடத்தை ஒவ்வொரு இரவும் மாற்றி வைத்து, குறைந்தது 5, 6 இரவுகள் திரும்பச் செய்யாமல் எதையும் முடிவாகக் கொள்வதற்கில்லை.

வேறொரு பிழை இதைவிடப் பெரிது. உணவுக்கு வந்தவற்றை மட்டும் அளந்தால், கூட்டைவிட்டு அரிதாகவே வெளிவரும் பெருந்தலைகள் கணக்கில் விடுபட்டுப்போகும். வரைபடம் கூட்டத்தின் உடல் அளவை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும். அதற்காகக் கூட்டை உடைப்பது முறையன்று, தேவையும் இல்லை. எறும்புகளே அதற்கு வழி வைத்திருக்கின்றன. கூட்டிலிருந்து வெளியேற்றப்படும் மரத்தூளோடு, உண்டு எஞ்சிய பூச்சித் துண்டுகளும் இறந்த எறும்புகளும் சேர்ந்தே வந்து விழும். மெல்லிய பாகங்கள் சில நாளில் சிதைந்தாலும், கெட்டியான தலையின் ஓடு நெடுநாள் உருக்குலையாமல் கிடக்கும். அந்தக் குப்பையில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, ஊசி முனையால் தலைகளை ஒதுக்கி அளந்தால், உள்ளேயே வாழ்ந்து உள்ளேயே மடிந்த எறும்புகளின் அளவும் கிடைக்கும். சண்டையில் கொல்லப்பட்ட அயல் எறும்புகளின் தலைகளும் அதில் கலந்திருக்கக் கூடும். நிறமும் முகத்தின் வடிவும் ஒத்துவராதவற்றை மட்டும் தனியே தள்ளிவிட வேண்டும்.